காசில்லாத பூட்டு

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கையிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். நூல் இருப்பும் சேலை இருப்பும் ஏட்டுடன் ஒத்திருந்தபடியால் வேலை நண்பகலுக்குள் முடிந்துவிட்டது. தறி நடக்கும் இல்லங்கள் சிலவற்றையும் பார்த்து வரலாமென்று செயலாளருடன் தெருவில் நடந்தோம். ஓர் இல்லத்தில் அங்கத்தினர் தறிக்குழியில் இருந்தார். அவர் மனைவியார் இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தூணில் சாய்ந்து, டேப் என்று எல்லாரும் சொல்லும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தான்.

பாவு ஏறியிருக்கும் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. முன்பு பாட்டி செய்த வேலையை இன்று பல வீடுகளில் டேப் செய்கிறது. களத்தில் வேலை நடக்கும்போது வேப்பமர நிழலில் குழந்தையிடம் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைக்கும் விவசாய அங்கத்தினர்களும் இதையே சொல்வார்கள். ஆகவே, குழந்தைக்கு டேப் கொடுத்தது குற்றம் என்று தொடங்கி உபதேசம் செய்யும் எண்ணம் நமக்கு இல்லை.

“இதைப் பிடுங்கினால் அழுகிறான், ஐயா. கொடுத்தால் விடமாட்டேனென்கிறான். கண்டதையும் பார்க்கிறான். காசு கேட்காத பூட்டு ஏதாவது இதற்கு உண்டா?” என்று அங்கத்தினர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

காசு கேட்காத என்பதை அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் செயலி ஒன்றை இறக்கியிருக்கிறார். ‘ஏழு நாள் இலவசம்’ என்றிருந்தது. தொடக்கத்தில் யூ.பி.ஐ. இரகசிய எண்ணைக் கேட்டது. இலவசத்துக்கு எண் எதற்கு என்று ஐயுற்றாலும் கொடுத்துவிட்டார். எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தாவாக ஏறக்குறைய மூன்று நாள் தறிக்கூலி கணக்கிலிருந்து போய்விட்டது. சினந்து செயலியை நீக்கினார். அத்துடன் தொல்லை ஒழிந்ததென்று எண்ணியிருந்தார்.

அது ஒழியவில்லை. இதை எல்லா அங்கத்தினர்களும் மனத்தில் இருத்த வேண்டும்: செயலியை நீக்கினால் சந்தா நீங்குவதில்லை. 2020-ஆம் ஆண்டில் வந்த யூ.பி.ஐ. ஆட்டோபே என்னும் ஏற்பாடு முதல்முறை மட்டும் இரகசிய எண் கேட்டு இசைவு பெறும். பின்னர் வரும் தவணைகள், ரூ. 15,000 வரையில், எண் கேளாமலே கழிக்கப்படும். கழிப்பதற்கு முன் அறிவிப்பு ஒன்று வரத்தான் செய்கிறது. நம் நண்பர் ஆங்கிலத்தில் வந்த அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரமென்று கருதித் தள்ளிவிட்டார். பிளே ஸ்டோரில் பணம் செலுத்துதல், சந்தாக்கள் என்ற பகுதிக்குள் சென்று, அடுத்த ஆண்டுக்காகக் காத்திருந்த அந்தச் சந்தாவை அங்கேயே ரத்து செய்தோம். பணம் செலுத்தும் செயலியிலும் ஆட்டோபே என்ற தலைப்பில் இதே பட்டியல் இருக்கும். இதுவரை அதைத் திறந்து பாராதவர் ஒருமுறை பார்ப்பது நலம்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். காசு கேட்காத பூட்டு உண்டு. அதைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. டேப்பைச் செய்தவர்களோ அதன் இயங்குதளத்தைச் செய்தவர்களோ தாமே அளித்திருக்கிறார்கள். சிறு குழந்தைக்கு அதுவே போதும். மூன்றாமவர் செய்த செயலி, இலவசமென்று வந்தாலும், வேண்டாம் என்பதே நம் துணிபு.

காரணம் சொல்கிறோம். ஜவுளிக் கடையில் பை இலவசமென்றால் அதன் விலை சேலையில் ஏறியிருக்கிறதென்று நமக்குத் தெரியும். செயலியில் விலை எங்கே ஏறியிருக்கிறதென்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. பிள்ளையைக் கண்காணிக்கும் செயலி, திரையில் தோன்றுவதையெல்லாம் படிக்கவும், இருக்குமிடத்தை அறியவும், தொடர்பு எண்களையும் செய்திகளையும் பார்க்கவும் அனுமதி கேட்கிறது. கேட்காமல் அதனால் வேலை செய்யவும் முடியாது. அவ்வளவையும் பெற்றுக்கொண்டவர் அதை எப்படிக் காக்கிறார் என்பதே கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டீன்சேஃப் என்னும் செயலி சந்தா வாங்கிக்கொண்டு நடந்ததுதான். 2018 மே மாதத்தில், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்கள் அந்நிறுவனத்தின் சர்வரில் காப்பின்றி, யாரும் படிக்கக்கூடியவாறு கிடந்தது வெளியாயிற்று. குடும்பத்தார் எங்கே இருக்கிறார்களென்று காட்டும் லைஃப் 360 என்ற செயலி அந்த இருப்பிட விவரங்களைத் தரவு வணிகர்களுக்கு விற்றுவந்ததை 2021 டிசம்பரில் தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகே நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென்று விதிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. சட்டம் வந்து காக்கட்டும். அதற்குள் நம் கதவை நாம் சாத்திக்கொள்வோம்.

கூகிள் ஒன்றும் தரும சத்திரம் அன்று. பெற்றோரின் இசைவின்றிக் குழந்தைகளின் விவரங்களை யூடியூப் திரட்டியதாக அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் நியூயார்க் மாநிலமும் தொடுத்த வழக்கில், 2019-இல் அது 17 கோடி டாலர் செலுத்த இசைந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு டேப் வைத்திருப்பவரின் விவரம் எப்படியும் அதனிடம் இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டை உபயோகிப்பதால் புதிதாக ஓர் அன்னியரை வீட்டுக்குள் விட்டதாகாது. நாம் பார்ப்பது அவ்வளவே.

அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் ஃபேமிலி லிங்க். 2017-ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பெற்றோர் தம் கைப்பேசியில் அச்செயலியை நிறுவி, குழந்தையின் பெயரில் தனிக் கணக்கொன்று தொடங்க வேண்டும். தந்தையின் கைப்பேசி ஆப்பிள் செய்ததாயினும் தடையில்லை. டேப்பில் அந்தக் குழந்தைக் கணக்கு மட்டுமே இருக்கவேண்டும் என்பது முக்கியம். தந்தையின் கணக்கும் அதே டேப்பில் இருந்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். ஆகவே, டேப்பில் உள்ள படங்களை வேறிடத்தில் சேமித்து, பழைய கணக்கை முறையாக நீக்கி, பிறகு டேப்பை முழுதும் வெறுமையாக்கி, குழந்தையின் கணக்கைக் கொண்டு புதிதாகத் தொடங்குவதே உசிதம். கணக்கை நீக்காமல் வெறுமையாக்கினால், திருட்டுத் தடுப்புக்காக அது பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அக்கடவுச்சொல் பெரும்பாலும் எவர் நினைவிலும் இராது. நம் நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் சென்றது இதனால்தான். பூட்டு போட ஆன நேரம் கால் மணிதான்.

மலிவாக வந்த சில டேப்புகளில் இந்த ஏற்பாடு அமையாது. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘பிளே புரொடெக்ட் சான்று’ பெற்ற கருவியா என்று காட்டும் இடமுண்டு. சான்றில்லாத கருவியை, அல்லது மிகப் பழைய ஆண்ட்ராய்டு ஓடும் கருவியை, குழந்தைக்காக வாங்கவே வேண்டாம். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

ஃபேமிலி லிங்க்கில் பல வசதிகள் உண்டு. நம் அங்கத்தினர்களுக்கு வேண்டியவை மூன்றுதான். குழந்தை எந்தச் செயலியை இறக்க விரும்பினாலும் பெற்றோரின் கைப்பேசிக்கு விண்ணப்பம் வரும். அவர் ஒப்பினால்தான் இறங்கும். சங்கத்தில் எழுத்தர் சீட்டு எழுத, செயலாளர் ஒப்பமிட்ட பிறகே ரொக்கம் வெளியேறுவதைப் போன்றது இது. அடுத்தது நேரம்: நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்றும், இரவு இத்தனை மணிக்குமேல் இல்லை என்றும் விதித்துவிடலாம், நேரம் முடிந்ததும் டேப் தானே பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, இணைய உலாவியில் பெற்றோர் அனுமதித்த தளங்கள் மட்டுமே திறக்குமாறு செய்வது. தகாத தளங்களைத் தடுக்க முயல்வது என்றொரு வழியும் அதே இடத்தில் இருக்கிறது. ‘முயல்வது’ என்று அவர்களே சொல்வதால், ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை நம்பாமல் முதல் வழியையே கொள்க. அக்குழந்தைக்கு எத்தனை தளங்கள் வேண்டியிருக்கப் போகின்றன?

ஓட்டைகளும் உள. ஒருமுறை ஒப்புதல் பெற்ற செயலி புதுப்பிக்கப்படும்போது மறுபடி ஒப்புதல் கேட்பதில்லை. பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்து செய்யும் மாற்றம், டேப்புக்கு இணையத் தொடர்பு கிட்டிய பிறகே அங்கே போய்ச் சேரும். தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊர்களில், இப்போது பூட்டு என்று இங்கிருந்து ஆணையிட்டால் அங்கே உடனே பூட்டுமென்று எதிர்பார்க்கலாகாது. முன்னரே நேரத்தை விதித்து வைப்பதே நம்பத்தக்கது.

இவ்விடத்தில் நம் இல்லத்து அனுபவம் ஒன்றைச் சொல்வதில் வெட்கமில்லை. பிறர் கணக்கைத் தணிக்கை செய்யும் நாம், வீட்டு டேப்புக்கு இட்ட நான்கு இலக்க எண் நம் மகள் பிறந்த ஆண்டு. நாம் எண்ணை அழுத்தும்போதெல்லாம் அவள் மடியில் உட்கார்ந்து நம் கட்டை விரலையே பார்த்திருக்கிறாள். எண்கள் இன்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. விரல் போன வழி தெரிந்திருந்தது. மூன்று வாரங்கள் அவளே திறந்து பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டுபிடித்ததுகூட, செயலி மாதாந்தரக் கணக்கைக் காட்டியபோதுதான். இப்போது எண் ஆறு இலக்கமாகியிருக்கிறது. அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி அவளிடம் சொல்கிறோம். அவளும் திருப்பிக்கொள்கிறாள், பாதி.

படக்காட்சிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சிறு குழந்தைகள் டேப்பில் செய்வதெல்லாம் பெரும்பாலும் அதுவே. பெரியவர்களின் யூடியூபை நீக்கி, அல்லது தடுத்துவிட்டு, யூடியூப் கிட்ஸ் என்ற இலவசச் செயலியை வைப்பது முதற்படி. ஆனால் பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். குழந்தைகள் விரும்பும் பொம்மை உருவங்களைக் கொண்டு, பார்ப்பதற்கு அச்சமும் அருவருப்பும் தரும் படங்கள் அதற்குள்ளும் புகுந்திருந்தது 2017-இல் வெளியாகிப் பெரிய கண்டனம் எழுந்தது. யாரும் உட்கார்ந்து பார்த்து அனுமதிக்கவில்லை. இயந்திரம் சலித்தது, சல்லடையில் ஓட்டை. அதன் பிறகு 2018-இல் நல்ல வசதியொன்று வந்தது: பெற்றோர் தேர்ந்த படங்களும் அலைவரிசைகளும் மட்டுமே தோன்றும், தேடும் வசதி அடைபட்டிருக்கும். இதைத்தான் கொள்ளவேண்டும். ஓர் இரவு அரைமணி நேரம் செலவிட்டு, கதை, பாட்டு, பறவை விலங்குகள் என்று பத்து அலைவரிசைகளைப் பெற்றோர் தாமே பார்த்துத் தேர்ந்துவிட்டால் சில மாதங்களுக்குக் கவலையில்லை. நமக்குத் தெரிந்த பூட்டுகளில் மிக உறுதியானது இதுவே.

ஐபேட் வைத்திருப்பவர் நம் அங்கத்தினரில் சிலரே. அவர்களுக்கு 2018-இலிருந்து ஸ்கிரீன் டைம் என்ற கட்டுப்பாடு கருவியிலேயே இருக்கிறது. திரையைத் திறக்கும் எண் வேறு, இதற்குரிய எண் வேறாக இருக்கவேண்டும். செயலிக்குள் நடக்கும் விற்பனையை அதிலேயே நிறுத்திவிடலாம். சாம்சங் டேப்பில் சாம்சங் கிட்ஸ் என்ற பகுதி உண்டு. குழந்தை அதற்குள் நுழைந்தால் இரகசிய எண் இன்றி வெளியே வரமுடியாது. வெளிநாட்டு உறவினர் தந்த அமேசான் டேப்பானால், குழந்தைக்கான தனிப்பிரிவும் கட்டுப்பாடுகளும் இலவசம். அமேசான் கிட்ஸ் பிளஸ் என்பது சந்தா. இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

தனி டேப் இல்லாமல், தந்தையின் கைப்பேசியே குழந்தைக்கும் போகும் வீடுகள் நம் விவசாய அங்கத்தினரிடையே மிகுதி. அதே கைப்பேசியில்தான் வங்கியும் யூ.பி.ஐ.யும் இருக்கின்றன. அங்கே ஃபேமிலி லிங்க் பயன்படாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் பாதுகாப்பு அமைப்புகளில், ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் ‘பின்’ செய்தல் என்ற வசதி இருக்கிறது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதலே உண்டு. கதையை ஓடவிட்டு, அதைப் பின் செய்து, வெளியேற இரகசிய எண் கேட்கும்படி விட்டுக் கொடுத்தால், குழந்தை வேறெதையும் தொடமுடியாது. ஆப்பிள் கருவிகளில் இதற்குக் கைடட் ஆக்சஸ் என்று பெயர். களத்து மேட்டில் கொடுப்பதற்கு இதைவிட எளியது இல்லை.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விளையாட்டுச் செயலிகளுக்குள் நாணயமும் வைரமும் விற்கிறார்கள். அவை விளையாட்டுக் காசு அல்லவென்று குழந்தைக்குத் தெரியாது. ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் ஆப்பிள் கருவியில் 15 நிமிடமும் ஆண்ட்ராய்டில் 30 நிமிடமும் மறுபடி கேளாமல் வாங்கக்கூடியதாக ஒரு காலத்தில் இருந்தது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வாங்கியதற்காக, 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டாலரும், கூகிள் குறைந்தது 1 கோடியே 90 இலட்சம் டாலரும் பெற்றோர்களுக்குத் திருப்பித்தர மேற்சொன்ன கமிஷனிடம் இசைந்தன. அமெரிக்கப் பெற்றோருக்கு அது கிடைத்தது. நம் நெசவாளர் எவரிடம் போய்க் கேட்பார்? குழந்தையின் டேப்பில் வங்கி அட்டை, யூ.பி.ஐ., எதையும் சேர்க்காதிருப்பதே வழி. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படியும் வைத்துவிடவேண்டும்.

எவ்வளவு நேரம் விதிப்பது என்று அந்த அம்மையார் கேட்டார். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், உறவினரை எப்போதாவது காணொளியில் காண்பது தவிர என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படாமல். ஐந்திலிருந்து பத்து வயதுவரை இரண்டு மணிக்குக் குறைவாக. டேப், தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் சேர்ந்தே இந்தக் கணக்கு. அந்த வீட்டில் சிறுவன் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துவந்தான். ஒரேயடியாக ஒரு மணி என்று பூட்டினால், மறுநாள் கணவரே எண்ணை அழுத்தித் திறந்துகொடுப்பார், தறி நடக்கவேண்டுமே. ஆகவே முதல் வாரம் இரண்டரை மணி, பிறகு வாரத்துக்கு அரைமணி குறைப்பதென்று பேசி முடித்தோம். நண்பகல் உணவுக்குப்பின் பாவு இறுக்கும் வேளையை அவனுக்குரிய நேரமாக வைத்தோம். மற்ற வேளையில் எதிர்வீட்டுச் சிறுமியுடன் திண்ணையில் விளையாட விடுவதாக அம்மையார் ஒப்பினார். எண் அம்மையாரிடம் மட்டும் இருக்கிறது. கணவர் இதற்கு உடனே சம்மதித்தது எமக்குச் சற்று வியப்பே.

பதினைந்து நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் பேசினார். முதல் மூன்று நாள் அழுகை, தெருவே கேட்டதாம். பிறகு டேப் பூட்டிக்கொண்டால் அதனுடன் சண்டையிடுகிறானேயன்றி அம்மாவிடம் சண்டையிடுவதில்லையாம். இழை இரண்டு முறை அறுந்ததையும் சொன்னார்.

அத்தெருவில் மேலும் பதினோரு இல்லத்தார் இதைச் செய்துதரக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூலி நாளன்று பட்டுவாடா முடிந்தபின் சங்கக் கட்டடத்திலேயே இருந்து செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறோம். வருவோர் டேப்பையும் தம் கைப்பேசியையும் முழுதும் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவரவேண்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லை முதல்நாளே கண்டுபிடித்து வைத்திருந்தால் எல்லாருடைய நேரமும் மிஞ்சும். தாய் தந்தை இருவருள் எண்ணை வைத்துக்கொள்ளப் போகிறவர் எவரோ அவரே நேரில் வரவேண்டும். குழந்தைகளை அழைத்து வரலாம். எண் இடும்போது மட்டும் அவர்கள் வெளியே விளையாடட்டும்.